ஃப்ளெக்ஸ்ல இடம் கிடைக்காத புள்ளைங்களுக்கும் ஒரு வழி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் உங்க பேப்பர்ல ஃபுல் ஏ பிளஸ் வாங்குன புள்ளைங்க போட்டோவ முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. கேரளா எல்லைல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறை ஜங்ஷன்லயும் பெரிய பெரிய ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காங்க, அந்தப் புள்ளைங்க ராப்பகலா படிச்சதுக்குக் கிடைச்ச மரியாதை அது, கிடைக்கத்தான் வேணும். நான் இப்ப எழுதுறது ஃப்ளெக்ஸ்ல இடமில்லாத மத்த புள்ளைங்களுக்காகங்க, அவங்களப் பத்தி ரிசல்ட் நாள்ல யாரும் எழுதுறதில்ல.

கணக்கப் பாருங்க. கேரளாவுல 2023-ல எஸ்.எஸ்.எல்.சி பாஸ் 99.70 சதவீதம். ஏறக்குறைய அதே செட்டுதான் 2025-ல பிளஸ் டூ எழுதுச்சு, பாஸ் 77.81 சதவீதம். ரெண்டே வருஷத்துல நூத்துக்கு இருபது பேருக்கு மேல வழில விழுந்துட்டாங்க. திடீர்னு இத்தனை பேருக்கு மூளை மழுங்கிப் போச்சா என்ன? எஸ்.எஸ்.எல்.சி-லயாவது எல்லாரும் கரை ஏறிடுறாங்களேன்னு இருந்தோம், 2026-27-ல இருந்து அங்கயும் எழுத்துப் பரீட்சைல மட்டும் தனியா ஒவ்வொரு பாடத்துக்கும் 30 சதவீதம் வாங்கணும்னு அரசு முடிவு பண்ணிருக்கு. தரம் வேணும்ங்கறத நான் எதிர்க்கலைங்க. ஆனா விழப்போற புள்ளைங்களுக்கு மறுபடியும் அதே பரீட்சையத் தவிர வேற என்ன கையில வெச்சிருக்கோம்னு யாராவது யோசிச்சாங்களா?

எங்க பக்கத்து நிலைமை உங்க வாசகர்கள்ல பாதிப்பேருக்கு நல்லாவே தெரியும். பாலக்காடு மாவட்டத்துல சித்தூர் தாலுக்கா, அட்டப்பாடி, அந்தப் பக்கம் இடுக்கில தேவிகுளம், பீர்மேடு, தமிழ் பேசறவங்க இருக்கற எல்லா இடத்துலயும் புள்ளைங்க பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு பிளஸ் ஒன்னுக்குப் போனா கையில இருக்கறது இங்கிலீஷ் புக்கு, டீச்சர் விளக்கறது மலையாளம், வீட்டுல வந்து பேசறது தமிழு. புரிஞ்ச விஷயத்தக்கூட ரெண்டரை மணி நேரத்துல பேப்பர்ல கொண்டு வர முடியாம தவிக்குதுங்க. நான் தமிழ் மீடியம் ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, இப்ப சாயங்காலத்துல எங்க ஊரு வாசகசாலைத் திண்ணைல சே பரீட்சைக்கு, அதாவது ஃபெயிலானவங்க அந்த வருஷமே திரும்ப எழுதற பரீட்சைக்கு, படிக்கிற புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன், தினமும் கண்ணால பாக்கற சங்கதிதாங்க இது.

வேற வழி இருக்கான்னு தேடித் தேடிப் படிச்சப்பதான் அமெரிக்காவுல சில ஊர்ல என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுது. நியூயார்க் மாநிலத்துல பள்ளிப்படிப்பு முடிக்க ரீஜென்ட்ஸ்னு மாநிலப் பரீட்சை எழுதியாகணும். ஆனா அங்க நாப்பதுக்குப் பக்கமா அரசுப் பள்ளிக்கூடங்க ஒண்ணு சேந்து, பெர்ஃபார்மன்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்ட்டியம்னு ஒரு கூட்டமைப்பு வெச்சு, இங்கிலீஷ் ஒண்ணத் தவிர மத்த ரீஜென்ட்ஸ் பரீட்சைல இருந்து விலக்கு வாங்கிருக்காங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொரு புள்ளையும் நாலு பெரிய வேலை செஞ்சு காட்டணும். இலக்கியத்துல ஒரு அலசல் கட்டுரை, சமூக அறிவியல்ல ஒரு ஆராய்ச்சி, சயின்ஸ்ல அதுவே யோசிச்சுப் பண்ணுன ஒரு சோதனை, கணக்குல ஒரு நிஜப் பிரச்சனை. எழுதிக் குடுத்தா மட்டும் போதாதுங்க, ஒரு குழு முன்னாடி உக்காந்து வாயால விளக்கணும், குழுவுல சொந்த டீச்சர் மட்டும் இல்லாம வெளியாளும் இருப்பாங்க, குறுக்குக் கேள்வி கேப்பாங்க, பதில் சரியில்லன்னா போய் திருத்திட்டு வான்னு திருப்பி அனுப்புவாங்க. திரும்பி வரலாம்ங்கறது முக்கியம், நம்ம ஊர்ல ஒரு பேப்பர் போச்சுன்னா எது தப்புன்னு சொல்லக்கூட ஆளில்ல, ரீவேல்யுவேஷனுக்குக் காசு கட்டி மார்க்கு மாறுதான்னு பாக்க வேண்டியதுதான்.

இதுல என் மனசத் தொட்ட விஷயம் வேற. அந்தக் கூட்டமைப்புல, வேற நாட்டுல இருந்து புதுசா வந்து இறங்குன புள்ளைங்களுக்குன்னே நடக்கற இன்டர்நேஷனல் ஹைஸ்கூல்களும் இருக்கு, அதுல முதல் ஸ்கூலு 1985-ல குவீன்ஸ் பகுதில லாகார்டியா காலேஜ் வளாகத்துக்குள்ளயே ஆரம்பிச்சுது. இங்கிலீஷே சரியா வராத புள்ளைங்க, அதுங்களுக்கு ப்ராஜெக்ட் வழிதான் கைகுடுக்குதுன்னு அவங்க கண்டிருக்காங்க, தாய்மொழில ஒரு வேலை செஞ்சு காட்டுறதும் அங்க உண்டு. பாஷை தெரியாம வந்த புள்ளைக்கு அவ்வளவு பெரிய ஊரு இவ்வளவு யோசிக்குது. நாலு தலைமுறையா இங்கயே பொறந்து வளந்த தமிழ்ப் புள்ளைக்கு நாம யோசிக்க மாட்டோமா?

ரோட் ஐலண்ட்ல மெட்னு ஒரு ஸ்கூல் 1996-ல இருந்து இருக்கு, அங்க வாரத்துல ரெண்டு நாள் புள்ளைங்க ஆஸ்பத்திரி, பட்டறை, ஆபீஸுன்னு வெளிய போய் ஒருத்தர்கிட்ட வேலை கத்துக்குதுங்க, அதுலருந்தே ப்ராஜெக்ட் எடுத்து எல்லார் முன்னாடியும் விளக்குதுங்க. மாசசூசெட்ஸ்ல 2024 நவம்பர்ல ஜனங்களே ஓட்டுப் போட்டு, மாநிலப் பரீட்சைல பாஸானாத்தான் டிப்ளமாங்கற விதிய எடுத்துட்டாங்க. அங்கயும் எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். மேரிலாண்ட்ல அல்ஜீப்ரா, பயாலஜி, இங்கிலீஷ், கவர்ன்மென்ட்னு நாலு பரீட்சை வெச்சாங்க, 2009-ல முடிச்ச செட்டுல இருந்து அது கட்டாயம், எழுதியும் தேறாதவங்களுக்கு பிரிட்ஜ் ப்ளான்னு ஒரு ப்ராஜெக்ட் வழி குடுத்தாங்க. நல்ல எண்ணந்தான். ஆனா அது பெரும்பாலும் எழுதிக் குடுக்கற பேப்பர் வேலையாவே போச்சு, ஏழைப் புள்ளைங்க நெறையப் படிக்கற ஊர்கள்லதான் அந்த வழில போனவங்க ஜாஸ்தி, இது ரெண்டாந்தர டிப்ளமான்னு பேச்சும் வந்துச்சு. நாம கத்துக்க வேண்டியது அந்தத் தப்பையும் சேத்துத்தாங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம நாட்டுலயே பாத்தோமே. சி.பி.எஸ்.இ 2009-10-ல சி.சி.இ-ன்னு வருஷம் முழுக்கப் புள்ளைய மதிப்பிடற முறைய கொண்டு வந்துச்சு, பத்தாவது போர்டு எக்ஸாம் வேணும்னா எழுதலாம்னு ஆச்சு, மாசத்துக்கு இத்தனை ப்ராஜெக்ட், ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் தனித்தனியா. கடைசில என்ன நடந்துச்சு? ஸ்டேஷனரி கடைல தெர்மாகோல் எரிமலை ரெடிமேடா தொங்குச்சு, அம்மாவும் அப்பாவும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு சார்ட் ஒட்டுனாங்க, டீச்சர்மாருக்கு அத்தனையும் பாக்க நேரமில்லாம எல்லாத்துக்கும் டிக்கு அடிச்சு மார்க்கு போட்டாங்க. 2018-ல போர்டு எக்ஸாம் திரும்பக் கட்டாயமாச்சு. நம்ம கேரளாவுல ஸ்கூல்லயே போடற சி.இ மார்க்கும் அப்படித்தானே, இருபதுக்கு இருபதோ பத்தொன்பதோ கண்ண மூடிட்டு விழுது. யாரும் கேள்வி கேக்காத ப்ராஜெக்ட் வெறும் சார்ட்டுதாங்க. அதனால ப்ராஜெக்ட் வழின்னு நான் சொன்ன உடனே பழைய சக டீச்சருங்க எல்லாம் சிரிச்சாங்க, இன்னொரு சி.சி.இ-யா டீச்சர்னு கேட்டாங்க. அவங்க பயம் நியாயமானதுதான். கேள்வி கேக்கற குழு இருந்தா என்ன ஆகும்னு ஒரு தடவை செஞ்சே பாத்தோம், அதச் சொல்றேன்.

எங்க வாசகசாலைக்கு வர்ற ஒரு பொண்ணு, சயின்ஸ் குரூப்பு, 2024-ல கெமிஸ்ட்ரி மட்டும் போச்சு. சே எழுதியும் வரல. வீட்டுல ரெண்டு கலப்பின மாடு, பால் சொசைட்டிக்கு ஊத்தறாங்க. எங்க சித்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு பால்தான் வருமானம், ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃபும் (கொழுப்பு இல்லாத மத்த திடப்பொருள்) பாத்துத்தான் ரேட்டு. அந்த வெயில் காலத்துல அவங்க பாலுக்கு ரேட்டு கொறஞ்சுகிட்டே வந்துச்சு, தண்ணி கலக்கறீங்களான்னு யாரோ ஒருத்தர் ஜாடையா கேட்டுட்டாங்கன்னு அவங்கம்மா ராத்திரி அழுதுச்சு. பொண்ணு ஒரு நோட்டுப் போட்டு தினமும் காலைலயும் சாயங்காலமும் ரெண்டு மாட்டுப் பாலையும் தனித்தனியா எழுத ஆரம்பிச்சா. பாலோட அடர்த்தி பாக்கற லாக்டோமீட்டர்ல எவ்வளவு, ஃபேட்டு எவ்வளவு, அன்னைக்கு என்ன தீவனம், பச்சைப்புல்லு இருந்துச்சா வெறும் வைக்கோலா. சாயங்காலப் பால்ல ஃபேட்டு ஏன் கூடுதுன்னு அவளே கண்டுபுடிச்சா, ரெண்டு கறவைக்கு நடுவுல நேரம் கொறஞ்சா பாலு கொறையும் ஃபேட்டு ஏறும். எஸ்.என்.எஃப் கொறையறதுக்கு வைக்கோலும் வெயிலும்தான் காரணம்னு முடிச்சு, தமிழ்ல பன்னெண்டு பக்கம் அழகா எழுதிட்டு வந்தா.

ஓணம் லீவுல ஒரு நாள் வாசகசாலைல பெஞ்சு போட்டு நாலு பேர உக்கார வெச்சோம். மிருக ஆஸ்பத்திரி டாக்டர், சொசைட்டில டெஸ்டிங் பாக்கறவரு, வேற ஸ்கூல்ல இருந்து ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், அப்பறம் நான். பொண்ணு நல்லாத்தான் சொல்லிட்டு வந்தா. டாக்டர் நோட்டப் பொரட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, ரெண்டு மாடும் ஒரே கொட்டாய்ல ஒரே வைக்கோல்தானே திங்குது, அப்பறம் ஏன்மா ஒரு மாட்டுக்கு மட்டும் எஸ்.என்.எஃப் இவ்வளவு எறங்கிருக்கு? அவ வாயடைச்சுப் போயிட்டா. அவ எழுதுன நோட்டுலயே இருந்த விஷயம், அவ கண்ணுக்கே படல. கெமிஸ்ட்ரி டீச்சர் அதோட விடல, எஸ்.என்.எஃப்ங்கறது புரதம், லாக்டோஸ், உப்பு எல்லாம் சேந்தது, இதுல எது கொறஞ்சுது சொல்லுன்னாங்க. தெரியலைன்னா. சரி போயிட்டு வான்னு அனுப்பிச்சோம், எனக்கே பாவமா இருந்துச்சு.

திரும்பி வந்தப்ப வேற பொண்ணா வந்தா. சோப்புத்தூளக் கரைச்சு, அந்த மாட்டோட நாலு காம்புப் பாலையும் தனித்தனித் தட்டுல எடுத்துக் கலந்து பாத்திருக்கா, மூணு சாதாரணமா இருக்கு, ஒண்ணு மட்டும் கொழகொழன்னு கட்டியாகுது. மடிநோய் இருந்தா பால்ல வெள்ளணு ஜாஸ்தியாகும், சோப்பு அத ஒடைக்கறப்ப பாலு இப்படிக் கொழகொழக்கும்னு படிச்சு வெச்சிருந்தா. வெளிய வீக்கம் எதுவும் தெரியாததால வீட்டுல யாருக்கும் தெரியல. அப்பறம் டீச்சர் கேட்டதுக்கு வந்தா. நோவு வந்த மடில லாக்டோஸ் சொரக்கறது கொறையும், ஆனா பாலும் ரத்தமும் ஆஸ்மாட்டிக் பிரஷர்ல, அதாவது கரைஞ்சிருக்கற பொருளால தண்ணிய இழுக்கற அழுத்தத்துல, சமமாத்தான் இருந்தாகணும், லாக்டோஸ் எறங்குனா அந்த எடத்த நிரப்ப ரத்தத்துல இருந்து உப்பு ஏறி வரும், அதனாலதான் அந்தப் பாலு லேசாக் கரிக்குதுன்னு சொன்னா. டீச்சர் நிமிந்து உக்காந்தாங்க. பிளஸ் டூ கெமிஸ்ட்ரில கரைசல் பாடத்துல வர்ற அதே ஆஸ்மாசிஸ், அதே ஐசோடானிக், பரீட்சைல அவ வெறுமையா விட்டுட்டு வந்த எடம். எங்க முன்னாடி தமிழ்ல கால் மணி நேரம் சொன்னா, போர்டுல படம் போட்டுச் சொன்னா. டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டாரு, எஸ்.என்.எஃப் ஏறிச்சு, அதையும் நோட்டுல எழுதி வெச்சா.

ஆனா இதுக்கெல்லாம் மார்க்கு கிடையாதே. 2025 மார்ச்ல திரும்ப எழுதினா, மறுபடியும் கெமிஸ்ட்ரில டி. ரெண்டாவது வருஷமும் போச்சு, நர்சிங் போகணும்னு ஆசைப்பட்ட பொண்ணு, இப்ப கல்யாணப் பேச்சு நடக்குது. கெமிஸ்ட்ரி தெரியாதுன்னு அரசாங்கத்து சர்ட்டிபிகேட் சொல்லுது, தெரியும்னு நாலு பேரு நேர்ல பாத்தோம். நாங்க யாரு பேச்ச நம்பறதுங்க?

ஓப்பன் ஸ்கூல் இருக்கேன்னு சொல்லுவாங்க. இருக்கு, என்.ஐ.ஓ.எஸ்-ங்கற தேசிய ஓப்பன் ஸ்கூல் நல்ல ஏற்பாடு, அஞ்சு வருஷத்துல ஒன்பது தடவை வரைக்கும் எழுதலாம், பாஸான ரெண்டு சப்ஜெக்ட்ட அப்படியே கொண்டு போகலாம், அசைன்மென்ட்டுக்கு 20 சதவீதம் உண்டு. கேரளா அரசோட எழுத்தறிவு அமைப்பான சாக்ஷரதா மிஷன் நடத்தற துல்யதா (பள்ளிப்படிப்புக்குச் சமமான) கோர்ஸும் எத்தனையோ பெரியவங்களுக்கு உதவிருக்கு. ஆனா எல்லா வழியும் கடைசில போய் நிக்கறது அதே எழுத்துப் பரீட்சை ஹால்லதானே. கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டுனா தமிழ்நாட்டுல, பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷம் ஐ.டி.ஐ படிச்சவங்க தமிழும் இங்கிலீஷும் மட்டும் எழுதிப் பாஸானா பிளஸ் டூவுக்குச் சமம்னு வெச்சிருக்காங்க. கையில செஞ்சு கத்துக்கிட்டதையும் படிப்புன்னு ஒரு அரசாங்கம் ஒத்துக்க முடியும்னு அதுல தெரியுதில்லைங்களா.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லைங்க. எல்லாப் புள்ளைக்கும் பரீட்சைய எடுத்துடுங்கன்னு கேக்கல. பிளஸ் டூல ஒரு சப்ஜெக்ட்டோ ரெண்டு சப்ஜெக்ட்டோ போயி, சே எழுதியும் தேறாத புள்ளைக்கு, அந்த சப்ஜெக்ட்டுக்கு மட்டும் ஒரு ப்ராஜெக்ட் எடுக்க உரிமை குடுங்க. பாடப்புத்தகத்துல இன்னின்ன பாடம் அதுல வந்தாகணும்னு முதல்லயே எழுதிக் குடுத்துடுங்க, இல்லேன்னா சும்மா ஊர்க்கதை எழுதிட்டு வந்துரும். மாசக்கணக்குல வேலை செய்யட்டும், நடுவுல ரெண்டு தடவையாவது கெய்டு டீச்சர் நோட்டப் பாத்துத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடட்டும். கடைசில வைவா, அதாவது நேர்ல கேள்வி கேக்கற வாய்மொழித் தேர்வு, புள்ளைக்கு எந்த பாஷை வருதோ அந்த பாஷைல, எங்க ஊர்ல தமிழ்ல. சொந்த ஸ்கூல் டீச்சர் கையில மார்க்கு இருக்கவே கூடாது. வெளி ஸ்கூல் டீச்சர் ரெண்டு பேரு, அந்தத் தொழில் தெரிஞ்ச ஊர் ஆளு ஒருத்தரு. பத்தலைன்னா திருப்பி அனுப்பட்டும், திரும்பி வர ஒரு சான்ஸ் குடுக்கட்டும், அப்பவும் பத்தலைன்னா ஃபெயில்தான், அதுல எனக்கு இரக்கமில்ல. பாஸானா எல்லாருக்கும் குடுக்கற அதே சர்ட்டிபிகேட்டு, ப்ராஜெக்ட் வழின்னு தனியா ஒரு முத்திரை குத்தி வெச்சீங்கன்னா மேரிலாண்ட் கதைதான் இங்கயும்.

இதுக்கு ஆளு எங்கன்னு டிபார்ட்மென்ட்ல கேப்பாங்க. பிளஸ் டூ பிராக்டிகலுக்கு வருஷா வருஷம் எக்ஸ்டெர்னல் வர்றாங்களே, ரெக்கார்டு பாத்து வைவா கேட்டு மார்க்கு போடறாங்களே, அந்த ஏற்பாடு பல வருஷமா நடந்துட்டுத்தானே இருக்கு. ஒவ்வொரு புள்ளைக்கும் அஞ்சு நிமிஷம்ங்கறது இவங்களுக்கு முக்கால் மணி நேரமா ஆகும், அவ்வளவுதான். எங்க தாலுக்காவுல தமிழ் தெரிஞ்ச ரிட்டயர்டு டீச்சருங்க இருக்காங்க, சித்தூர் அரசு காலேஜ்ல தமிழ்த் துறையே இருக்கு, கூப்பிட்டா வருவாங்க. ஏ.ஐ-ல எழுதிட்டு வந்துருவாங்களேன்னும் கேக்கறாங்க. எழுதட்டுமே, அந்த மிருக டாக்டர் கேட்ட மாதிரி ஒரு கேள்விய நேருக்கு நேர் கேட்டா யாரு எழுதுனதுன்னு ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துடும். காசு இருக்கற வீட்டுல ட்யூஷன் வெச்சு வைவாவுக்கே பழக்குவாங்கங்கறது நெசமான பயம், அதுக்கு என்கிட்ட முழுசாப் பதில் இல்ல, ஆனா இப்ப இருக்கற பரீட்சைக்கும் அவங்கதான் பழக்கறாங்க.

ப்ராஜெக்ட்டுக்கு விஷயம் தேடி எங்கயும் அலைய வேண்டாம் எங்க ஊர்ல. ஆளியாத்துத் தண்ணி மணக்கடவுல எவ்வளவு வருது, ரெண்டு மாநிலமும் போட்ட பறம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி வர வேண்டிய 7.25 டி.எம்.சி-யில எங்க கடைமடை வாய்க்காலுக்கு எத்தனை நாள் எட்டுது, வடகரப்பதி எருத்தேம்பதி பக்கம் போர்வெல் எத்தனை அடிக்கு எறங்கிருக்கு, முதலமடை மாந்தோப்புல மருந்து அடிக்கற ஆளுங்க கையில என்ன தோல் நோவு, கள்ளு எறக்கறவங்க கூலிக் கணக்கு. ஜியாகிரபி, கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ், அக்கவுண்டன்சி எல்லாம் அதுக்குள்ள கெடக்கு. பெரியவங்க யாரும் ஒழுங்கா எழுதி வெக்காத விஷயங்க, புள்ளைங்க எழுதுனா பஞ்சாயத்துக்கும் ஒதவும்.

இன்னொண்ணு, இந்தப் பக்கத்துப் புள்ளைங்கள்ல நெறையப் பேரு பொள்ளாச்சி, கோயமுத்தூர் காலேஜுக்குத்தான் போறாங்க. கேரளா ஒத்துக்கிட்டு தமிழ்நாடு ஒத்துக்கலேன்னா சர்ட்டிபிகேட்டக் கையில வெச்சுட்டு நிக்க வேண்டியதுதான். அதனால ரெண்டு மாநிலக் கல்வித் துறையும் உக்காந்து பேசணும், ஆத்துத் தண்ணிக்கு உக்காந்து ஒப்பந்தம் போட்டவங்க புள்ளைங்க படிப்புக்கும் போடலாம். முதல்ல ஒரு அஞ்சாறு ஸ்கூல்ல, சித்தூர் தாலுக்காவுலயும் தேவிகுளத்துலயும் மட்டும் ரெண்டு வருஷம் சோதனை பண்ணிப் பாக்கட்டும்.

எங்க எம்.எல்.ஏ-வுக்கும் கல்வி அதிகாரிக்கும் இத மனுவாவும் எழுதி அனுப்பிருக்கேன். உங்க நிருபர் யாராவது வந்தாங்கன்னா அந்தப் பொண்ணோட நோட்டக் காட்டறேன், அவகிட்டயும் கேட்டுட்டேன், காட்டலாம்னு சொல்லிட்டா. இந்த வழிக்கு உதவறேன்னு சொல்ற டீச்சருங்க, டாக்டருங்க, சொசைட்டிக்காரங்க யாரா இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாங்க, இந்த வருஷம் கணக்குல ஒண்ணும் எகனாமிக்ஸ்ல ரெண்டும் தயாராகுது, கேள்வி கேக்க ஆளு வேணும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.